பெரிய ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் திணறுகிறது: புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

7 செப்டம்பர் 2025
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அக்கா, மூன்று பங்குக் கோவில்கள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு கச்சேரி வைக்கிறோம். நாலு குரல் குவையர், ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், உட்விண்ட், நாலு ஹார்ன், டிரம்பெட், டிம்பனி எல்லாம் சேர்த்து 28 ஸ்டாஃப் (குரலுக்கும் கருவிக்கும் நோட் எழுதும் ஐந்து கோட்டுத் தொகுதி). எல்லாப் பாட்டையும் மியூஸ்ஸ்கோர் 4 என்ற நோட் எழுதும் மென்பொருளில் ஒரே ஃபைலாக எழுதி வருகிறேன். 300 பார் (தாளக் கட்டம்) தாண்டியதிலிருந்து ஒரு நோட் போட்டால் திரையில் வர இரண்டு விநாடி ஆகிறது. ஸ்லர் (நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு) போட்டால் இன்னும் மோசம். ராம் 8 ஜிபி. கடையில் கேட்டால் 32 ஜிபி ஏற்று, இல்லாவிட்டால் புதுசே வாங்கிவிடு என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

7 செப்டம்பர், இரவு

பணத்தை இப்போதே எடுக்காதே தம்பி. ராம் ஏற்றினால் தீருவது எது, தீராதது எது என்று முதலில் பிரித்துப் பார்.

இந்த மாதிரி மென்பொருள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. நீ எழுதியதை வாசித்துக் காட்டுவது ஒன்று. எழுதியதை அச்சுக்குப் போகிற மாதிரி அடுக்கிக் காட்டுவது இன்னொன்று. மியூஸ் சவுண்ட்ஸ் போன்ற பெரிய ஒலித் தொகுப்புகளை 28 ஸ்டாஃபுக்கும் போட்டு வைத்தால் 8 ஜிபி போதாது. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கில் போட்டு எடுக்க ஆரம்பிக்கும், எல்லாமே தள்ளாடும். அதற்கு ராம் உதவும். நீ சொல்வது நோட் போட்டவுடன் வருகிற தாமதம். அது பெரும்பாலும் அடுக்குகிற வேலையிலிருந்து வருவது.

சோதித்துவிடலாம். ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள். மிக்ஸரைத் திறந்து எல்லாக் கருவிக்கும் ஒலியை எம்எஸ் பேசிக் என்ற லேசான ஒலித் தொகுப்புக்கு மாற்று. மூடிவிட்டு மறுபடி திற. 200-வது பார் பக்கம் போய் ஒரு நோட் போடு. அப்போதும் இரண்டு விநாடி என்றால் ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேகம் வந்துவிட்டால் கடைக்காரர் சொன்னது சரி.

கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வை. நோட் போடும்போது பிராசசர் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பார்த்துச் சொல்.

8 செப்டம்பர்

தம்பியின் பதில்: ஃபைல் சட்டென்று திறக்கிறது, பிளேபேக் விட்டுவிட்டு வருவது நின்றுவிட்டது, நோட் மட்டும் அதே இரண்டு விநாடி. பிராசசர் 13 சதவீதம்தான் காட்டுகிறது, "அது சும்மாதானே இருக்கிறது?" என்று கேட்கிறார்.

சும்மா இல்லை. உன் லேப்டாப்பில் விண்டோஸ் எட்டு பிராசசர்களாகக் கணக்கு வைக்கிறது. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது ஒன்று முழு மூச்சாக ஓடுகிறது, மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கின்றன. அந்த வரைபடத்தில் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்கள் என்று மாற்றினால் இது கண்ணுக்கே தெரியும். விண்டோஸ் வேலையை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒரே கோடு உச்சியில் நிற்காமல் இரண்டு மூன்று மாறி மாறி எழும்பலாம். மொத்தம் மட்டும் அந்தப் பன்னிரண்டரையை ஒட்டியே நிற்கும்.

ஸ்கோரை (எல்லா ஸ்டாஃபும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிற முழுத் தாளை) அடுக்குகிற வேலையில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். முதல் வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இரண்டாவது வரியை ஆரம்பிக்க முடியாது. அதனால் பதினாறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) இருக்கிற மெஷின் வாங்கினாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் தெரியாது. என்றைக்காவது வாங்குவதாக இருந்தால், கோர் எத்தனை என்று பார்க்காமல் ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்று பார்த்து வாங்கு. ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி இருந்தால் உன் வேலைக்குப் போதும். இப்போதைக்கு சார்ஜரைச் செருகிவிட்டு எழுது. பேட்டரி சேவரில் ஓடினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

9 செப்டம்பர்

"ஒரே ஒரு நோட் போடுவதற்கு என்ன அப்படிக் கணக்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விளக்கமாகவே எழுதுகிறேன், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

ஃப்ளூட்டில் ஒரு பாருக்குள் பதினாறு பதினாறாம்பங்கு நோட் போடுகிறாய் என்று வை. அந்தப் பார் அகலமாகிறது. ஃப்ளூட்டுக்கு மட்டும் அகலமாக முடியாது. கீழே டபுள் பேஸ் வரை 28 ஸ்டாஃபும் ஒரே நேரத்தில் வாசிப்பவை, முதல் அடி எல்லோருக்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் விழ வேண்டும். அதனால் டபுள் பேஸ் சும்மா இருந்தாலும் அதன் பாரும் அகலமாகிறது. இனி இந்த வரியில் ஐந்து பார் கொள்ளாது, நாலுதான். ஐந்தாவது பார் அடுத்த வரிக்குப் போகிறது, அங்கே இருந்த கடைசிப் பார் அதற்கும் அடுத்த வரிக்கு. கல்யாணப் பந்தி நடுவில் ஒருவரைச் செருகி உட்கார வைத்தால் வரிசை முழுக்க நகர்ந்து கடைசி ஆள் அடுத்த பந்திக்குக் காத்திருப்பாரே, அதேதான்.

இது அகலம் மட்டும். அப்புறம் உயரம். ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் மேலே ஸ்லர், கீழே டைனமிக்ஸ் (சத்தம் எவ்வளவு என்ற குறி), ஹேர்பின் (சத்தம் கூடுவதையும் குறைவதையும் காட்டும் குறி), குவையராக இருந்தால் பாட்டு வரிகள். எதுவும் எதன் மேலும் ஏறக் கூடாது. முதல் வயலின் லெட்ஜர் லைனில் (ஸ்டாஃபுக்கு வெளியே போடும் சின்னக் கோட்டில்) மேலே ஏறினால் மேலிருக்கும் ஸ்டாஃப் கொஞ்சம் விலக வேண்டும், பக்கத்தின் உயரம் மாறும். ஸ்லர் ஒரு வளைவு. அது எந்த நோட்டையும் எந்தத் தண்டையும் வெட்டாமல் போகிற பாதையைத் தேட வேண்டும். உனக்கு ஸ்லரில் தாமதம் கூடுவது இதனால்தான்.

28 ஸ்டாஃபை 300 பாரால் பெருக்கிப் பார், 8,400 கட்டங்கள். காலியாக இருக்கிற கட்டத்திலும் ஒரு முழுப் பார் ரெஸ்ட் (வாசிக்காமல் இருக்கச் சொல்லும் குறி) உட்கார்ந்திருக்கிறது. அதையும் மென்பொருள் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நல்ல மென்பொருள் மாற்றம் எங்கே தொடங்கியதோ அங்கிருந்து மட்டும் அடுக்கும், பழையபடியே பொருந்துகிற இடம் வந்ததும் நிறுத்திவிடும். ஆகவே தாமதம் எல்லா நோட்டுக்கும் ஒன்றுபோல் இருக்காது. வரி உடைகிற இடத்தை மாற்றுகிற நோட்டுக்கு அதிகம்.

9 செப்டம்பர், பிற்பகல்

சேர்க்க வேண்டிய ஒன்று. பார்வை முறை. எழுதும்போது பக்கம் பக்கமாக வேண்டாம், ஒரே நீள வரியாக இருக்கட்டும் என்று பலர் தொடர் பார்வையில் எழுதுகிறார்கள். கண்ணுக்கு வசதிதான். ஆனால் அங்கே வரி உடைவதே இல்லை, பாட்டு முழுக்க ஒரே வரி. என் மெஷினில் நீளமான பாட்டுகளுக்குப் பக்கப் பார்வைதான் வேகம். தம்பி, நீ எதில் எழுதுகிறாய்?

10 செப்டம்பர்

தொடர் பார்வையில்தான் எழுதி வந்தாராம். பக்கப் பார்வைக்கு மாற்றியதும் தேவலை என்கிறார், ஆனால் போதாது. சரி, வழி இன்னும் இருக்கிறது.

லாசுப்பேட்டையிலிருந்து ஒரு சார், "இலவச மென்பொருள் இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வாங்கினால் பிரச்சினையே வராது" என்று எழுதியிருக்கிறார். சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஏற்க முடியவில்லை. காசு கொடுக்கிற மென்பொருளிலும் இதே வேலை, இதே கணக்கு.

சிபேலியஸ் என்ற காசு மென்பொருளில் 2009-இல் வந்த ஆறாம் பதிப்பில் மேக்னெட்டிக் லேஅவுட் என்று ஒரு வசதி சேர்த்தார்கள். எழுத்தும் குறியும் ஒன்றோடொன்று மோதாமல் தானே விலகிக்கொள்ளும். அருமையான வசதி. பெரிய ஸ்கோரில் எழுதும்போது அதை அணைத்து வைத்துக்கொண்டு, முடித்த பிறகு போட்டுக்கொள்பவர்கள் உண்டு. டோரிகோ என்ற இன்னொரு காசு மென்பொருளில் 2019-இல் மூன்றாம் பதிப்போடு வந்தது கண்டென்சிங். முதல் ஃப்ளூட், இரண்டாம் ஃப்ளூட் இரண்டையும் தனித்தனியாக எழுதினாலும், நடத்துபவர் கையிலிருக்கும் ஸ்கோரில் ஒரே ஸ்டாஃபில் சேர்த்துக் காட்டும். எந்த இடத்தில் சேர்க்கலாம், எந்த இடத்தில் குழப்பும் என்று அதுவே முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு கணக்கு என்று பாருங்கள். அதையும் எழுதும்போது அணைத்து வைப்பதுதான் வழக்கம். டோரிகோ பல கோர்களையும் பயன்படுத்துகிற மாதிரி ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட்டது, உண்மைதான். அதனாலும் மேலே சொன்ன வரிசைக் கணக்கு மறைந்துபோவதில்லை.

காசு கொடுத்தால் நிம்மதி என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபினாலே என்ற காசு மென்பொருள் 1988-இல் வந்தது. உலகம் முழுக்கத் தொழில்முறை நோட் எழுதுபவர்கள் பலர் அதில்தான் பழகினார்கள். 2024 ஆகஸ்டில் இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. முப்பத்தாறு வருஷத்து ஃபைல்களை வைத்துக்கொண்டு இன்றைக்கு எத்தனையோ பேர் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக (வேறு நோட் மென்பொருள்களிலும் திறக்கிற பொது வடிவமாக) மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிபேலியஸை உருவாக்கிய லண்டன் குழுவை 2012-இல் வெளியே அனுப்பினார்கள். அந்த ஆட்களில் பலர் வேறு இடத்தில் சேர்ந்து 2016-இல் கொண்டு வந்ததுதான் டோரிகோ. எது நல்லது எது கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த மென்பொருளில் எழுதினாலும் முடித்த பாட்டை மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃபாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

13 செப்டம்பர்

தம்பி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏன் எல்லாப் பாட்டும் ஒரே ஃபைலில்?

கேரல் ஒன்று, அப்புறம் ஒரு லத்தீன் பாட்டு, அப்புறம் தமிழ்ப் பாட்டு. இவற்றுக்குள் இசை ரீதியாக ஒட்டு உறவு இல்லை. நிகழ்ச்சி வரிசைப்படி ஒரே புத்தகமாக வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறாய். சேர்ப்பதைக் கடைசியில் பிடிஎஃபில் செய்துகொள்ளலாம். பாட்டுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிடு, இன்றைக்கே.

அளவு தெரிய ஒன்று சொல்கிறேன். ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் மொத்தம் 94 பார்தான். நீ கேட்டு வளர்ந்த அந்தப் பிரம்மாண்டம் முழுக்க 94 பாருக்குள் அடங்கிவிடுகிறது. உன் லேப்டாப் அதை மூச்சு விடாமல் கையாளும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி 940 பார். அதை எழுத உட்கார்ந்தால்தான் இந்தப் பிரச்சினை உண்மையிலேயே தலைவலி. நம் கச்சேரிகளில் அப்படி ஒரே மூச்சில் 900 பார் போகிற பாட்டு வருவதே இல்லை.

13 செப்டம்பர், இரவு

பிரித்தால் ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு மாதிரி தெரியுமே, எழுத்தளவு, இடைவெளி எல்லாம் மாறிவிடுமே என்று தம்பி கவலைப்படுகிறார். முதல் பாட்டை உனக்குப் பிடித்த மாதிரி செட் பண்ணு. ஃபார்மட் மெனுவில் ஸ்டைலைச் சேமி. மற்ற ஃபைல்களைத் திறந்து அதே ஸ்டைலை ஏற்று. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்துவிடும்.

20 செப்டம்பர்

ஒரு வாரமாக இங்கே வர முடியவில்லை. அதற்குள் நல்ல சேதி: பாட்டுகளைப் பிரித்தாயிற்று, ஒன்றைத் தவிர எல்லாம் உடனுக்குடன் ஓடுகிறது. அந்த ஒன்று நீளமான பாட்டு, 28 ஸ்டாஃபும் வருவது.

இதில் மென்பொருளை விட்டுவிட்டு இசையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எதற்கு முழு ஸ்கோரில் நேரடியாக எழுதுகிறாய்? பழைய ஆட்கள் அப்படி எழுதவில்லை. மோட்சார்ட் 1791-இல் எழுதி முடிக்காமல் விட்டுப்போன ரெக்வியத்தின் (இறந்தோருக்கான பூசை இசையின்) கையெழுத்துப் பிரதியைப் பார். பல பகுதிகளில் குரல்கள் நாலும் முழுசாக இருக்கின்றன, அடியில் பேஸ் இருக்கிறது, ஆர்கெஸ்ட்ராவுக்கு அங்கங்கே முக்கியமான இடங்களில் மட்டும் குறிப்பு. மற்ற ஸ்டாஃபெல்லாம் காலி. அதில் லாக்ரிமோசா என்ற பகுதி எட்டு பாரோடு நின்றுவிடுகிறது. முதலில் எலும்பு, அப்புறம் சதை என்பதுதான் அவர் வேலை செய்த முறை. அதனால்தான் அவருடைய மாணவர் ஸுஸ்மையரால் அதை எடுத்து நிரப்ப முடிந்தது.

நீயும் அப்படிச் செய். குரல் நாலு, அதற்கடியில் பியானோ மாதிரி இரண்டு ஸ்டாஃப், வேண்டுமானால் முக்கியமான சோலோவுக்கு ஒன்று. ஏழு ஸ்டாஃப். இதில் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை முடி. மாற்ற வேண்டியது, வெட்ட வேண்டியது, ஸ்வரம் ஏற்ற வேண்டியது எல்லாம் இங்கேயே. நான் கவனித்த வரை ஒரு பாட்டு எழுதுவதில் அதிக நேரம் போவது நோட் போடுவதில் இல்லை, போட்டதை மாற்றுவதில். அந்த மாற்றமெல்லாம் ஏழு ஸ்டாஃபில் நடந்தால் மெஷினுக்கும் சுகம், உனக்கும் பாட்டு முழுசாகக் கண்ணில் நிற்கும். முடிந்தபின் முழு ஸ்கோருக்குக் கொண்டு போய்ப் பிரித்துக் கொடு. டூல்ஸ் மெனுவில் எக்ஸ்ப்ளோட் இருக்கிறது. நாலு நோட் ஒரே நேரத்தில் ஒலிக்கிற கார்டை (chord) தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் நாலு ஸ்டாஃபுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிடும். ஹார்னுக்கு நான் எப்போதும் இப்படித்தான்.

21 செப்டம்பர்

நேற்று எழுதியதைத் தொடர்ந்து ஒன்று. நாலு ஹார்ன் தேவையா என்றும் யோசி. புதுச்சேரி ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு ஒருமுறை வந்து, பூசை இல்லாத நேரத்தில் கைதட்டிப் பார். கோதிக் பாணியில் உயரமாகக் கட்டிய கோவில், சத்தம் உடனே அடங்காது. அப்படிப்பட்ட இடத்தில் பிராஸ் (ஹார்ன், டிரம்பெட் வகை) இரட்டிப்பாக இருந்தால் குவையரின் வார்த்தை காதில் விழாது. இரண்டு ஹார்ன் போதும் என்று முடிவு செய்தால் இரண்டு ஸ்டாஃப் போகிறது. கிளாரினெட்டும் ஓபோவும் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருக்கிற இடங்களையும் பார். மென்பொருள் வேகத்துக்காக இசையைக் குறை என்று சொல்லவே மாட்டேன். இசைக்கே வேண்டாததை எடுத்தால் மென்பொருளும் லேசாகும் என்கிறேன்.

22 செப்டம்பர்

சென்னையில் கீபோர்டு வாசிக்கிற ஒரு அண்ணன் எழுதியது: "ராஜா சார் இன்றைக்கும் பேப்பரில் பேனாவால்தான் எழுதுகிறார். அவருக்கு எந்த மென்பொருள் திணறியது? பசங்களைப் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள்."

அண்ணா, ராஜா சார் பேப்பரில் எழுதுவதைப் பற்றிப் பேசினால் எனக்கும் மெய் சிலிர்க்கும். மனதுக்குள் 28 ஸ்டாஃபும் கேட்கிறவருக்கு எழுதுவது என்பது இறக்கி வைப்பது மட்டும்தான். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குப் பேப்பர் நல்ல பள்ளிக்கூடம், அதை நானும் சொல்கிறேன். ஆனால் பேப்பரில் ஸ்கோர் முடிந்ததும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் பார்ட் (அந்தக் கருவிக்கான தனித் தாள்) எடுக்க வேண்டும், கீயை மாற்ற வேண்டும், பி-ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுத் தொனி ஏற்றி எழுத வேண்டும், எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் ஸ்வர தூரம் ஏற்ற வேண்டும். ரெக்கார்டிங் தியேட்டர்களில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கடலூரில் ஒரு பங்குக் குவையருக்கு அப்படி யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? ஏழு ஸ்டாஃப் வரைவை வேண்டுமானால் பேப்பரில் எழுதட்டும், அதை மனதார வரவேற்கிறேன்.

28 செப்டம்பர்

தமிழ்ப் பாட்டு வரிகள் பற்றிக் கேட்டிருந்தார் இன்னொரு தங்கை. இது நம் ஆட்களுக்கு மட்டுமே உள்ள விஷயம், வேறு எங்கும் பதில் கிடைக்காது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வரிகளைக் கடைசியில் போடுங்கள். "ஸ்தோத்திரம்" என்று ஒரு சொல். ஸ்தோத், தி, ரம் என்று மூன்று நோட்டுக்கு உடைக்கிறோம். "ஸ்தோத்" என்கிற துண்டின் அகலத்தைப் பாருங்கள். அதன் மேலிருப்பது ஒரு கால் நோட். நோட்டுக்கு வேண்டிய இடத்தைவிட எழுத்துக்கு வேண்டிய இடம் பல மடங்கு. அது பாரை விரிக்கிறது. குவையர் பார் விரிந்தால் டிம்பனி வரைக்கும் விரிய வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். நாலு குரலுக்கும் வரி போட்டால் உயரமும் போகிறது. மெட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே வரியும் இருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இந்தக் கணக்கு முழுவதும் திரும்ப ஓடும்.

போடும்போது வேகமாகப் போட ஒரு வழி. முழு வரியையும் வேறிடத்தில் துண்டு துண்டாகத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள், ஒரே சொல்லின் துண்டுகளுக்கு நடுவில் சிறு கோடு, சொல்லுக்குச் சொல் இடைவெளி. அதை நகலெடுத்து, முதல் நோட்டில் லிரிக்ஸ் நிலையில் நின்று கண்ட்ரோல் வி அழுத்த அழுத்த, ஒவ்வொரு துண்டாக அடுத்தடுத்த நோட்டுக்குப் போய் உட்காரும். ஒரே அசையைப் பல நோட்டுக்கு இழுக்கிற இடத்தில் அண்டர்ஸ்கோர்.

அப்புறம், பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துரு வேண்டவே வேண்டாம். பழைய பாட்டுப் புத்தகங்களின் ஃபைல்கள் பாமினியில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் உங்கள் மெஷினில் தமிழாகத் தெரியும். ஜெராக்ஸ் கடை மெஷினிலோ நடத்துபவர் மெஷினிலோ அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

5 அக்டோபர்

"ஆட்டோசேவ் நடக்கும்போதெல்லாம் ஒரு நொடி நிற்கிறது. அணைத்துவிடலாமா?" - மஞ்சக்குப்பம் தம்பி.

அணைக்காதே. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மியூஸ்ஸ்கோர் ஃபைல் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப். ஒவ்வொரு சேமிப்பிலும் ஸ்கோர் முழுவதையும் எழுத்தாக எழுதி, சுருக்கி, டிஸ்க்கில் வைக்க வேண்டும். பெரிய ஸ்கோருக்கு அந்த ஒரு நொடி ஆகத்தான் செய்யும். வேண்டுமானால் இடைவெளியைக் கூட்டிக்கொள், அமைப்புகளில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று போடலாம்.

போன வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகில் கரையைக் கடந்தபோது உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். கிறிஸ்துமஸ் வேலை மும்முரமாக நடக்கிற நேரமும் புயல் வருகிற நேரமும் நம் ஊரில் ஒன்றுதான். எங்கள் தெருவில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் அடங்கியபோது, சேமிப்பில் இருந்த பிரதிதான் அந்த வருஷத்துப் பாட்டைக் காப்பாற்றியது. பென்டிரைவில் ஒன்று, மெயிலில் உனக்கே அனுப்பி ஒன்று, தேதி போட்ட பெயரில். ஒரே பெயரில் எழுதி எழுதி மேலே சேமிக்காதே.

19 அக்டோபர்

பார்ட் எடுக்கிற கட்டம் வந்துவிட்டது, மறுபடி வேகம் குறைந்துவிட்டது என்று சேதி. எதிர்பார்த்ததுதான். ஒரு வேலை செய்து பார். ஃபைலை நகலெடுத்து, நகலின் பெயரில் கடைசி நாலெழுத்தை (mscz) ஜிப் (zip) என்று மாற்றித் திற. உள்ளே உன் முழு ஸ்கோர் ஒரு ஃபைலாக இருக்கும். பக்கத்தில் எக்ஸெர்ப்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி ஃபோல்டர். ஃப்ளூட்டின் நோட்டுகள் முழு ஸ்கோரிலும் இருக்கின்றன, ஃப்ளூட் பார்ட்டிலும் இருக்கின்றன, இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் திருத்தினால் இரண்டு பக்கமும் மாற வேண்டும், இரண்டு பக்கமும் மறுபடி அடுக்க வேண்டும். எல்லாப் பார்ட்டையும் திறந்துவிட்டு முழு ஸ்கோரில் எழுதுவது இரட்டை வேலை.

ஆகவே பார்ட் கடைசிக் கட்டம். ஸ்கோர் முழுசாகத் திருத்தி முடித்த பிறகு திற. ஒன்றை முடித்ததும் அந்த டேபை மூடிவிட்டு அடுத்ததைத் திற.

20 அக்டோபர்

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுவில் எழுதுகிறேன். பார்ட் பற்றி இதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. நான் வியோலா வாசிக்கிறவள். எனக்கு வைத்த பேப்பர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் என் வாசிப்பும்.

ஸ்கோர் நடத்துபவருக்கு. இரண்டு ஹார்ன் போக மீதி 26 ஸ்டாஃபை ஏ4-இல் அடைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதை ஏ3-இல் எடு, ஏ3 பிரிண்ட் கடலூரிலும் கிடைக்கும், இங்கே மிஷன் வீதியை ஒட்டியும் கிடைக்கும். பார்ட் வாசிப்பவருக்கு. அதில் ஸ்டாஃபின் உயரம், கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோடு வரை, 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்ட்ரிங்ஸில் இரண்டு பேர் ஒரே ஸ்டாண்டைப் பார்க்கிறார்கள், தள்ளி உட்கார்ந்து. கோவில் விளக்கு வெளிச்சம் எப்படி என்று உனக்குத் தெரியும். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேலை வைத்து அளந்து பார், கடையில் பக்கத்துக்குப் பொருத்து என்று போட்டுச் சுருக்கிவிடுவார்கள். அளவு நூறு சதவீதம் என்று சொல்லிக் கேட்டு எடு.

பக்கம் திருப்புகிற இடம் ரெஸ்டில் வர வேண்டும். மென்பொருள் அதை உனக்காகப் பார்த்துத் தராது. வலது பக்கத்தின் கடைசி வரியில் இரண்டு மூன்று பார் ரெஸ்ட் இருக்கிற இடமாகத் தேடி, அங்கே பேஜ் பிரேக் போடு. பாதிப் பக்கம் காலியாக நின்றாலும் பரவாயில்லை. பதினாறாம்பங்கு நோட்டு ஓட்டத்தின் நடுவில் கையை எடுத்துத் திருப்பச் சொன்னால் யாரால் முடியும்? பல பார் ரெஸ்டுக்குப் பிறகு நுழைகிற இடத்தில், அதற்கு முந்தின பாரில் டிரம்பெட் வாசிப்பதைச் சின்ன எழுத்தில் க்யூவாக (எப்போது நுழைவது என்று காட்டும் குறிப்பாக) போட்டுக் கொடு. இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேகத்தைப் பற்றி இவ்வளவு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். திணறுகிற மென்பொருளோடு மல்லுக்கட்டியே நேரம் போய்விட்டால், வாசிப்பவர் கைக்குப் போகிற பேப்பர்தான் அடிபடும்.

2 நவம்பர்

லில்லிபாண்ட் என்ற நோட் அச்சுக்கோக்கும் மென்பொருள் பற்றி ஒரு கேள்வி. 1996-இல் நெதர்லாந்துக்காரர்கள் இருவர் ஆரம்பித்தது, இலவசம். அதில் நோட்டைத் திரையில் போடுவதில்லை, எழுத்தாகத் தட்டுகிறோம், பிறகு அச்சுக்கோக்கச் சொல்கிறோம். தட்டும்போது தாமதமே இல்லை. கோக்கும்போது காத்திருக்க வேண்டும். கடைசிச் சில பாரை மட்டும் கோத்துக் காட்டு என்று ஒரு வரி எழுதி வைத்தால் அந்தக் காத்திருப்பும் குறையும். அச்சு மிக அழகு. கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டாம், ஜனவரியில் நிதானமாகப் பாருங்கள்.

30 நவம்பர்

முதல் ஒத்திகை முடிந்ததாம். பார்ட்டெல்லாம் கையில் கொடுத்தாயிற்று. இப்போது நடத்துபவர் ஒரு பாட்டில் 47-வது பாருக்குப் பிறகு இரண்டு பார் கூட்டச் சொல்கிறார், "சேர்த்தால் பின்னால் வருகிற எல்லா எண்ணும் மாறிவிடுமே, எல்லாப் பார்ட்டையும் மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டுமா அக்கா?" என்று தம்பி கேட்கிறார்.

வேண்டாம். இரண்டு பாரையும் சேர். ஒவ்வொன்றிலும் வலது கிளிக் செய்து மெஷர் ப்ராப்பர்ட்டீஸில் பார் எண்ணிக்கையில் சேர்க்காதே என்பதை டிக் செய். பழைய 48 அதே 48 ஆக நிற்கும். புதிய இரண்டுக்கும் மேலே 47அ, 47ஆ என்று எழுத்தால் போட்டுவிடு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லாருக்கும் பிரிண்ட் எடுத்துப் பழைய பக்கத்தின் மேல் ஒட்டு. பக்கம் உடைகிற இடம் மாறாமல் இருக்க, அந்தப் பக்கத்தின் முடிவில் முன்பே போட்ட பேஜ் பிரேக் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள். டிரம்பெட் வாசிக்கிறவர்களின் ரெஸ்ட் கணக்கும் இரண்டு கூடுகிறது, அவர்களுக்கு நேரிலும் சொல்லிவிடு.